தனிப் பதிவேட்டின் முதல் பெயர்

எங்கள் கிளை நூலகத்தில் 'பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோர்' என்று அட்டையில் எழுதி ஒட்டிய ஒரு பதிவேடு இருக்கிறது. ஆபாசம் என்று அலுவலகம் முடிவு செய்த புத்தகங்களை யார் யார் எடுத்துப் போனார்கள் என்று எழுதி வைப்பதற்கான ஏடு. அதில் முதல் பெயரை எழுதியவள் நான்தான். எழுதியது ஒரு பெண்ணின் பெயரை. அவரைக் கேட்டு எழுதவில்லை. அவருக்குத் தெரியவும் தெரியாது. அந்த ஒரு வரியால் அவர் நூலகத்துக்கு வருவதே நின்றுபோனது. அவரைத் திரும்ப வரவழைக்க நான் பட்ட பாட்டைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சந்தேகப் பிராணி. பால் பாக்கெட் வாங்கினால் ஓரத்தில் ஊசி குத்திய தடம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். பக்கத்து வீட்டில் சத்தமாகச் சிரித்தால் என்னைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று தோன்றும். "உன்னைப் போயி லைப்ரரில போட்டாங்க பாரு, ஸ்டேஷன்ல ரைட்டரா போட்டிருக்கணும்" என்பார் என் வீட்டுக்காரர். அவர் கிண்டலாகச் சொன்னாலும் நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர் முகத்தைப் பார்த்தே உள்ளே எத்தனை பக்கம் கிழிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

நூலகம் வில்லியனூரிலிருந்து ஒதியம்பட்டுப் பக்கம் போகிற சாலையில் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு வராந்தா. காலையில் பேப்பர் படிக்க நாலைந்து பேர் வருவார்கள். சாயங்காலம் டியூஷனுக்கு நடுவில் பிள்ளைகள் வந்து போவார்கள். நான் நிரந்தரம் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் பணி நீட்டிப்பு ஆணை வந்தால்தான் அடுத்த வருஷம் நாற்காலி. அந்த ஆணை வரும்வரை யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டேன். எவன் எதைப் போட்டுக் கொடுப்பான் என்ற பயம்.

ஓர் ஆடி மாதத்தில் ஆணைக்குப் பதிலாக மெமோ வந்தது. "தங்கள் பகுதியிலிருந்து வரப்பெற்ற புகாரின் பேரில்" என்று ஆரம்பித்தது. இன்ன நாவலில் ஆபாசமான பக்கங்கள் இருக்கின்றன, அதைச் சிறுவர் கைக்கு எட்டும் அலமாரியில் எப்படி வைத்தீர்கள், ஒரு வாரத்தில் விளக்கம் தரவும். இனிமேல் அதையும் அது போன்ற மற்ற நூல்களையும் பூட்டிய பீரோவில் வைக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும், ஆதார் அட்டையைப் பார்த்து, தனிப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். அது போன்ற நூல்கள் எவை என்று நானே கண்டுபிடித்துப் பட்டியல் அனுப்ப வேண்டும்.

படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அந்த நாவலை நான் சந்தையில் வாங்கி வந்தேனா? அலுவலகமே மூட்டை கட்டி அனுப்பியது. பெயர் வேண்டாம். கல்யாணமாகி இருபது வருஷம் ஆன ஒரு பெண்ணைப் பற்றிய கதை. நடுவில் நாலு பக்கம் புருஷன் பெண்டாட்டி சமாசாரம் ஒளிவுமறைவில்லாமல் எழுதப்பட்டிருக்கும். அதை வாங்கி அனுப்பியதும் அலுவலகம்தான், ஏன் வைத்தாய் என்று கேட்பதும் அலுவலகம்தான். ஆனால் அதை விளக்கத்தில் எழுத முடியுமா? "தங்கள் மேலான பார்வைக்குப் பணிவுடன்" என்று ஆரம்பித்து, ஒன்றுமே சொல்லாமல் ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

பட்டியல்தான் பெரிய கூத்து. நாலாயிரம் புத்தகத்தையும் படித்துப் பார்க்க ஏது நேரம்? எனக்கு ஒரு வழி தெரியும். புத்தகத்தின் முதுகை மேசையில் ஊன்றி நிறுத்திக் கையை விட்டால், அதிகம் பேர் விரித்த பக்கத்தில் அது தானாகப் பிளந்து விழும். இரண்டு நாள் முழுக்க ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திக் கையை விட்டேன். மூடிப்போன மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தினமும் பேப்பர் படிக்க வருவார். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "இன்னாமா, புக்குங்களுக்கு டெஸ்டு வைக்கிறியா?" என்றார். புகார் எழுதி அனுப்பியது இவராக இருக்குமோ என்று அன்று அவரையும் ஒரு பார்வை பார்த்தேன். ஆனால் அவர் பேப்பரைத் தவிர எதையும் தொடமாட்டார். அதிலும் இரங்கல் செய்திதான் முதலில்.

சமையல் புத்தகம் பிரியாணியில் விழுந்தது. ஜோசியப் புத்தகம் திருமணப் பொருத்தத்தில் விழுந்தது. பெண்கள் மருத்துவ நூல் ஒன்று கருப்பைப் படத்தில் விழுந்தது. எதற்கு வம்பு என்று அதையும் பட்டியலில் சேர்த்தேன். பழைய பாட்டுக்கு உரை எழுதிய தடித்த நூல் ஒன்று, தலைவியை அங்கம் அங்கமாக வர்ணிக்கும் இடத்தில் விழுந்தது. எனக்கே திக்கென்றது. மெமோ அனுப்பிய அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"பாட்டு ரொம்பப் பழசு சார். பரவாயில்லீங்களா?"

"பாடத்துல வருதாம்மா?"

"காலேஜ்ல கொஞ்சம் வருது சார்."

"அப்ப விட்டுடு. கேள்வி வந்தா இலக்கியம்னு சொல்லிக்கலாம்."

இப்படியாகப் பதினாறு புத்தகம் தேறியது. பினாயிலும் உடைந்த மின்விசிறியும் வைத்திருந்த பீரோவைக் காலி செய்து உள்ளே அடுக்கிப் பூட்டினேன். பூட்டிய அன்றுதான் அந்த பீரோவுக்கு மவுசு வந்தது. அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூட அதன் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

என் மனசு பட்டியலில் இல்லை. புகார் கொடுத்தது யார்? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதிகாரியிடம் மறுபடி கேட்டேன். "அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா, ரகசியம்" என்றவர், பிறகு என்னவோ இரக்கப்பட்டு, "பேரு, கையெழுத்து ஒண்ணும் இல்ல. மொட்டைக் கடுதாசி. ஆனா படிச்ச பொம்பளை எழுத்துன்னு நினைக்கிறேன். முத்து முத்தா இருக்குது" என்றார்.

போதாதா எனக்கு? நாவலை எடுத்துப் பின்னட்டைத் தேதிச் சீட்டைப் பார்த்தேன். வந்து மூன்று வருஷத்தில் ஒரே ஒரு முத்திரை. நாலு பக்கத்தைக் குறை சொல்ல வேண்டுமானால் அந்த நாலு பக்கத்தைப் படித்திருக்க வேண்டும். என்னை விட்டுவிட்டால் படித்தவர் ஒருவர்தான்.

மெயின் ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் பாயின் மனைவி அவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வாரத்தில் இரண்டு நாள், மத்தியானத் தொழுகை முடித்துவிட்டுக் கறுப்புப் பர்தாவில், கையில் காய்கறிப் பையோடு வருவார். பைக்குள் மேலே கீரைக்கட்டும் அடியில் புத்தகமும் இருக்கும். பத்தாவது வரை படித்தவர். கல்யாணத்துக்குப் பிறகு கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் அவர் தனியாகப் போய் வந்த ஒரே இடம் எங்கள் நூலகம்தான். அவரே அதை ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். படித்த கதையைப் பற்றி என்னிடம் கால்மணி நேரமாவது பேசாமல் போகமாட்டார். கதாநாயகி எடுத்த முடிவு சரியா தப்பா என்று நானும் அவரும் சண்டை போட்டிருக்கிறோம்.

ஆனால் அந்த நாவலை மட்டும் முதல் நாள் எடுத்து மறுநாளே கொண்டுவந்தார். எப்போதும் ஒரு வாரம் வைத்திருப்பவர். செய்தித்தாளில் அட்டை வேறு போட்டிருந்தார். மேசையில் குப்புற வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வேறு புத்தகம் எடுத்துக்கொண்டு போனார். அது மெமோ வருவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு. எல்லாம் பொருந்தி வந்தது. படித்திருக்கிறார், அருவருத்திருக்கிறார், வீட்டில் சொல்லியிருக்கிறார், எழுதிப் போட்டுவிட்டார். என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே என் நாற்காலியின் காலை ஆட்டியிருக்கிறார். அவர் வேறு மதத்துக்காரர் என்பதும் என் சந்தேகத்தில் சேர்ந்துகொண்டதா என்று பிற்பாடு என்னையே கேட்டுப் பார்த்தேன். சேரவில்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

அடுத்த முறை அவர் வந்தபோது நிமிர்ந்தே பார்க்கவில்லை. "இன்னா மேடம், உடம்பு சரியில்லியா?" என்றார். "வேலை இருக்குதுக்கா" என்றேன். அவர் போனதும் புதுப் பதிவேட்டை எடுத்தேன். முதல் பக்கத்தில், வரிசை எண் ஒன்று. அவர் பெயர், வயது, துணிக்கடையின் முகவரி, நாவலின் பெயர், எடுத்த தேதி. பழைய கணக்கையும் ஏற்றச் சொல்லி மெமோவில் ஒரு வார்த்தை கிடையாது. நானாகத்தான் எழுதினேன். கையெழுத்துப் பத்தியில் 'முன்னரே வழங்கப்பட்டது' என்று போட்டேன். புகார் எழுதியவளே எடுத்துப் படித்தவள் என்று அரசாங்க ஏட்டிலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். எழுதி முடித்ததும் மனசுக்கு ரொம்ப இதமாக இருந்தது. வெட்கத்தை விட்டு அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து அதிகாரி ஆய்வுக்கு வந்தார். பீரோவைத் திறக்கச் சொல்லிப் பதினாறையும் எண்ணினார். அந்த நாவலை மட்டும் கையில் எடுத்து, நின்றவாக்கிலேயே கொஞ்ச நேரம் புரட்டினார். பிறகு பதிவேட்டைக் கேட்டார். வாசித்துவிட்டு மூடியிருந்தால் ஒன்றுமில்லை. அவருக்கு எதையும் வாய்விட்டுப் படித்துத்தான் பழக்கம். பெயரையும் கடை முகவரியையும் கணீரென்று படித்தார்.

"அட, நம்ம துணிக்கடை பாயம்மாவா? பரவாயில்லியே!" என்று சிரித்தார்.

வராந்தாவில் ஃபிட்டர் பெரியவரும் இன்னும் மூன்று பேரும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். பேப்பர் புரளும் சத்தம் நின்றது. அதில் ஒருவர் திருபுவனை ஃபேக்டரிக்கு ஷிப்டு போகிறவர். பஸ் ஸ்டாப்பில் அவர் வாய் சும்மா இருக்காது.

மறுநாள் மத்தியானம் அக்கா வரவில்லை. பாய் வந்தார். நூலகத்துக்குள் அவர் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை. கையில் ஒரு பை. அதிலிருந்து இரண்டு புத்தகங்களையும் உறுப்பினர் அட்டையையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"அவங்களுக்கு இனிமே டைம் இருக்காது மேடம். அட்டைய நீங்களே வச்சிக்கோங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

குட்டு வெளிப்பட்ட வெட்கம் என்றுதான் அப்போதும் நினைத்தேன். என் மூளை அப்படி. அட்டையை மேசை டிராயரில் போட்டேன். செவ்வாயும் சனியும் மத்தியானத்தில் காது தானாக வாசல் பக்கம் போனது. ஒரு நல்ல கதை படித்தால் சண்டை போட ஆள் இல்லை. அதற்கும் அவர்மீதே கோபப்பட்டேன்.

ஐப்பசியில் பணி நீட்டிப்பு விஷயமாக டவுனில் இருக்கிற அலுவலகத்துக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போதே மழை. என் விளக்கத்தை ஏற்றுக்கொண்டு கோப்பை முடிக்கப் போவதாகச் சொன்னார்கள். எழுத்தர் கோப்பை மேசையில் விரித்து வைத்துவிட்டு முத்திரை எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனார். மற்றவர் கோப்பைப் பார்ப்பது தப்பு என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் புரட்டினேன். நாலாவது தாளில் 'புகார்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. கீழே கால் பக்க அளவில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. "இந்நாவலில் சில பக்கங்கள் ஆபாசமாக உள்ளன. சிறுவர்கள் எடுத்துவிட வாய்ப்புண்டு. மேலிடம் கவனிக்க வேண்டும்." முத்து முத்தான எழுத்து.

என் எழுத்து.

மூன்று வருஷத்துக்கு முன் இருப்புச் சரிபார்ப்பின்போது, புது மூட்டையைப் பிரித்து அந்த நாவலைப் படித்துவிட்டு நான் எழுதியது. நாளைக்கு ஏதாவது ஆனால் முன்பே சொல்லிவிட்டேன் என்று காட்டுவதற்காக ஒரு சீட்டு எழுதி, இருப்புப் பட்டியலோடு குண்டூசி போட்டு அனுப்பியிருந்தேன். கையெழுத்துப் போட்டால் அதுவே என் தலையில் விடியும் என்று பயந்து போடாமல் விட்டேன். எங்கள் வேலையில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் ஒரு மொட்டைச் சீட்டைச் செருகி வைப்பார்கள். எந்த மேசையிலோ குண்டூசி கழன்றிருக்கிறது. பட்டியல் ஒரு பக்கம் போக, சீட்டு தனியே கிடந்து, மூன்று வருஷம் கழித்து யார் கையிலோ பொதுமக்கள் புகாராக மாறியிருக்கிறது. மூலையில் குண்டூசி குத்திய இரண்டு துளையும் துருவோடு அப்படியே இருந்தன.

எழுத்தர் திரும்பி வந்தார். "கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். போட்டேன். அது என் எழுத்து என்று சொல்லவில்லை. சொன்னால் நீட்டிப்பு என்ன ஆகும் என்று ஒரு நொடி யோசித்தேன், வாய் தானாக மூடிக்கொண்டது. திரும்பும் பஸ்ஸில் அழுகை அழுகையாக வந்தது. ஜன்னல் ஓரம் மழைச்சாரல் அடித்தது நல்லதாகப் போயிற்று.

மூன்று நாள் கழித்து, ஜாக்கெட் துணி வாங்குகிற சாக்கில் துணிக்கடைக்குப் போனேன். பாய் சரக்கு எடுக்கப் போயிருந்தார். கல்லாவில் அக்கா இருந்தார். பச்சைத் துணியைக் கேட்டேன். எடுத்துப் போட்டார். மீட்டர் கோலால் அளக்கும்போது சொல்லிவிட்டேன்.

"அக்கா, புகார் எழுதினது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. நான்தான்."

முழுக்கதையையும் சொன்னேன். அவரைச் சந்தேகப்பட்டதை, வேண்டுமென்றே பெயரை ஏற்றியதை, எதையும் விடவில்லை. அவர் துணியை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரே நாள்ல குடுத்துட்டேன்னுதானா சந்தேகப்பட்டீங்க?" என்றார். "ரெண்டு வாட்டி படிச்சேன் மேடம் அன்னிக்கே. வூட்ல பிளஸ் டூ படிக்கிற பொண்ணு இருக்கா. அவ கைல படக்கூடாதுன்னு அட்டை போட்டேன், காலைல கொண்டாந்து குடுத்தேன். உங்ககிட்ட அதப்பத்திப் பேச ஆசதான். கூச்சமா இருந்துச்சு. அடுத்த வாரம் பேசலாம்னு இருந்தேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "திரும்ப வாங்கக்கா" என்றேன்.

"அவரு தெனம் கேக்கறாரு, அந்த நோட்டுல இன்னும் பேரு இருக்குதான்னு. பேரு இல்லன்னா போவட்டும்னுதான் சொல்றாரு. அவரும் கெட்டவரு இல்ல. கடைக்கு வர்றவங்க ஒரு மாதிரி சிரிக்கிறாங்கன்னு வருத்தம்."

"நாளைக்கே அடிச்சிடறேன்" என்றேன்.

அடிப்பதும் அப்படி லேசல்ல. பதிவேட்டில் இத்தனை பக்கம் இருக்கிறது என்று முதல் பக்கத்திலேயே அதிகாரி சான்று எழுதியிருப்பார், கிழிக்க முடியாது. அடித்தால் ஒற்றைக் கோடுதான் போட வேண்டும், உள்ளே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும். இத்தனை வருஷத்தில் நான் அந்த விதியை மீறியதில்லை. அன்று மீறினேன். கறுப்பு மார்க்கர் வாங்கி வந்து, பெயர், வயது, முகவரி, புத்தகம் என்று அந்த வரி முழுவதையும் இழுத்து இழுத்துப் பூசினேன். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. ஓரத்தில் 'தவறான பதிவு, எழுதியவர் பிழை' என்று எழுதி முழுக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஆய்வில் கேட்டால் கேட்கட்டும், நாற்காலி போனால் போகட்டும் என்று அந்த நேரம் உண்மையாகவே தோன்றியது.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா வந்தார். காய்கறிப் பை இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். உறுப்பினர் அட்டையை டிராயரிலிருந்து எடுத்து மேசையில் தயாராக வைத்துவிட்டு, பதிவேட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். அவர் குனிந்து பார்த்தார். அந்தக் கறுப்புப் பட்டையை விரலால் ஒரு தடவை தடவினார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதற்கடுத்த பக்கத்தையும். பிறகு திரும்ப முதல் பக்கத்துக்கே வந்தார்.

"எனக்கப்புறம் இதுல யாருமே எடுக்கலியா மேடம்?"

"இல்லக்கா. ஆதார் காட்டிக் கையெழுத்துப் போட்டு யாரு எடுப்பாங்க?"

"அப்ப நோட்டு மொத்தத்துலயும் இருக்கறது இது ஒண்ணுதான்." கறுப்பைக் காட்டினார். "இது யாரு பேருன்னு கண்டுபிடிக்க இன்னா கஷ்டம்? முன்னாடி நோட்டைப் படிச்சாத்தான் தெரியும். இப்ப தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியுமே."

வராந்தாவில் ஃபிட்டர் பெரியவர் பேப்பரை மடித்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தார். அக்கா பதிவேட்டை மெதுவாக மூடி என் பக்கம் தள்ளினார். அட்டையை எடுப்பார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. பர்தாவைச் சரிசெய்துகொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, "வர்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.